வெள்ளைக் கரடி அண்ணன்

ஓக்-ரான் என் கடைக்கு வந்தால், கிளம்பும்போது தலையை நனைத்துக்கொண்டுதான் கிளம்புவாள். பின்பக்கம் கை கழுவுகிற தொட்டியில் குனிந்து முடியை ஈரமாக்கி, துண்டால் அரைகுறையாகத் துடைத்து, கன்னத்தை நாலு தேய் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொள்வாள். வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவள் காய்ந்த தலையோடு எப்படித் திரும்ப முடியும்? கொரியாவில் எங்கள் ஆந்தோங்கில் நாற்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை வாரத்தில் பாதி நாள் குளிக்கப் போனாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வாள் வீசிக் கோட்டை பிடிக்கிறாள் என்றால் செத்துப்போன தாத்தாமார் வரைக்கும் எழுந்து வந்து கேட்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் கடை என்னுடையது. பழைய சந்தைக்குப் பின்னால், இரண்டாவது மாடி. புருஷன் வைத்துவிட்டுப் போன கடை. அவன் சாகவில்லை, பூசானுக்கு ஒருத்தியோடு போனான். அன்றிலிருந்து மணிக்கணக்குக் காசு வாங்குவதும், நூடுல்ஸ் கொதிக்க வைப்பதும், தோற்றுப்போன கோபத்தில் கீபோர்டை உடைக்கிற பயல்களின் காதைத் திருகுவதும் என் பிழைப்பு. ஆண்பிள்ளைகள் எத்தனை வகை என்று என்னைக் கேட்டால், அவர்கள் தட்டுகிற சத்தத்தை வைத்தே சொல்லுவேன். பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தெரியாது. வந்தால்தானே.

ஓக்-ரான் வந்தது மழையால். பேருந்தைத் தவறவிட்டு, முட்டைக்கோஸ் மூட்டையோடு மாடிப்படியில் ஒதுங்கி நின்றாள். உள்ளே வந்து உட்கார், ஆனால் உட்கார்ந்தால் காசு உண்டு என்றேன். சிரித்துக்கொண்டே காசு கொடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து இருக்கைப் பயல் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டையே திறக்கச் சொன்னாள். மழை நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த மருமகள். எங்கள் பக்கத்தில் அது வேலை, சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. மாமனாரின் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று எல்லாருக்கும் திதி வரும். அன்றைக்குச் சித்தப்பா பெரியப்பா குடும்பங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். யார் மாவு கரைப்பது, யார் மீனைத் திருப்புவது, எந்த அடுப்பு எப்போது காலியாகும் என்று சமையலறையில் அத்தனை பெண்களையும் நடத்துகிறவள் ஓக்-ரான். பழங்களை அடுக்கிப் பலகாரத்தைத் தட்டில் ஏற்றிக் கூடத்து வாசல்வரை கொண்டுபோவாள். வாசலில் நின்றுவிட வேண்டும். உள்ளே ஆண்கள் வரிசையாக விழுந்து கும்பிடுவார்கள். அவள் கொழுந்தனின் பதினெட்டு வயசுப் பிள்ளைகூட உள்ளே, சமைத்தவள் வெளியே. கன்ஃபூசியஸ் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் ஒரு தடவையாவது எங்கள் பாத்திரங்களைக் கழுவியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் வாரம் அவள் பெண் உருவத்தை எடுத்துக்கொண்டு, மைக்கில் தன் குரலிலேயே பேசி விளையாடினாள். முன்பின் தெரியாத பயல்கள் காதுக்குள் வந்து, எத்தனை வயசு, எத்தனை கிலோ, போட்டோ அனுப்பு என்றார்கள். ஒருத்தன், "அத்தே, குக்கர் விசில் அடிக்குது, போய் அடுப்பைப் பாரு" என்றான். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இதுல ஆம்பளையா மாற முடியுமா?"

"ஒலகத்துலயே இங்க மட்டுந்தாண்டி முடியும்."

அப்படிப் பிறந்தவர்தான் வெள்ளைக் கரடி. வெண்தாடி, கதவகலத் தோள், முழங்கால்வரை இரும்புக் கவசம். வயசு ஐம்பத்து நாலு என்று சொல்லி வைத்தாள். தொண்டையில் ஆபரேஷன், டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்று ஒரு கதையும் கட்டினாள். பேசாததால் மதிப்பு இன்னும் ஏறியது. எங்கள் ஊரில் வாய் திறக்காத ஆண்பிள்ளையை அறிவாளி என்பார்கள், வாய் திறக்காத பெண்பிள்ளையை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

கிழக்கு மலைப் படை என்ற கூட்டத்தில் சேர்ந்தாள். மூன்று வருஷத்தில் அதற்கே தலைவர். கோட்டைச் சண்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும்; போன வாரம் பிடித்தவர்களும் மறுபடி வெளியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். அவள் நடத்தியதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அது திதிச் சமையல்தான், வேறொன்றுமில்லை. யாரை எங்கே நிறுத்துவது, யார் களைத்துவிட்டான், யாரை இப்போது உள்ளே விடுவது என்று இரண்டு இரண்டு வார்த்தையாகத் தட்டுவாள். "நீ போ." "இவன் வரட்டும்." "பொறு." அத்தனை ஆண்பிள்ளைகளும் கேட்டார்கள். "சரிங்கண்ணே", "ஆகட்டுங்கண்ணே" என்று திரை முழுக்க அண்ணேதான். சேர்கிறவன் முதலில் வயசைச் சொல்ல வேண்டும். மூத்தவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். மூத்தவன் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. வீட்டுக் கூடத்தில் இருந்த வழக்கமெல்லாம் அப்படியே திரைக்குள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

புதுவருஷத்தன்று படை முழுவதும் வரிசையாக நின்று வெள்ளைக் கரடியின் காலில் விழுந்தது. ஓக்-ரான் வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு, எண்ணெய் வாடையோடு ஓடிவந்திருந்தாள். திரையில் இரும்புக் கவசங்கள் குப்புறக் கிடந்தன. அவள் எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எல்லாரும் நல்லா இருங்க" என்று தட்டினாள்.

இவ்வளவு சொன்னபிறகு அந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படையில் சோளப்பொரி என்று ஓர் ஆள் இருந்தான். வில்லாளி, குறி தப்பாதவன். ஒருநாள் அவன் மைக் தானாகத் திறந்துகொண்டு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் குரல். அவ்வளவுதான், பாதிப் பயல்கள் அவளோடு பேச முண்டியடித்தார்கள், அதில் இரண்டு பேருக்குள் சண்டை, ஒருத்தன் கோபித்துக்கொண்டு விலகினான். குற்றம் யார்மேல்? சிரித்தவள்மேல். ஜே-துக் என்ற பயல், குமி ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், முன்னால் வந்து நின்றான். "பொம்பள வந்தா படை உருப்படாதுண்ணே. நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

ஓக்-ரான் முடிவு சொன்னாள். சோளப்பொரியை வெளியேற்றினாள். படையின் வாசல் பலகையில், பெண்களுக்கு இங்கே இடமில்லை என்று தன் கையாலேயே சட்டமும் எழுதினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, உனக்கே வெக்கமா இல்ல?"

"நான் வேற என்ன பண்றது, சொல்லு. அவளுக்காகப் பேசினா என்மேல சந்தேகம் வராதா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் நூடுல்ஸில் நான் முட்டை போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

படையில் அவளுக்கு நெருக்கமானவன் ஹ்யோன்-பே. போகாங்கில் இரும்பு ஆலையில் வேலை, முப்பது தாண்டியும் கல்யாணமாகாதவன், சண்டையில் எப்போதும் வெள்ளைக் கரடிக்கு முன்னால் கேடயம் பிடித்து நிற்பான். அவன் அப்பாவுக்கு வயிற்றில் புற்று. அப்பா எதையும் விழுங்க மாட்டேன் என்கிறார் என்று தனியாக எழுதுவான். வெள்ளைக் கரடி பதில் எழுதுவார்: அரிசியை ஊறவைத்துக் கொரகொரப்பாக உடை, வேகவிட்டு வடிகட்டு, எள்ளெண்ணெய் வாடை பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு, படுத்தவாக்கில் கொடுக்காதே, கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கு. "இதெல்லாம் எப்படிண்ணே தெரியும் உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டான். "எங்க வீட்டுப் பெரியவருக்கு நான்தான் பண்ணேன்" என்றாள். பொய்யில்லை. மாமனாரைக் கடைசிவரை பார்த்தது அவள்தான்.

போன வசந்தத்தில் ஹ்யோன்-பேயின் அப்பா இறந்துபோனார்.

சேதி படைக்கு வந்ததும் ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து கிளம்பினார்கள். நேரில் பார்த்திராதவன் என்றாலும் அப்பன் செத்தால் போக வேண்டும், அது எங்கள் கடமை. தலைவர் போகாமலிருந்தால் அப்புறம் அவர் தலைவரே இல்லை. ஜே-துக் எல்லாருக்கும் எழுதினான்: "அண்ணன் வர்றவரைக்கும் யாரும் கும்பிடாதீங்க. அண்ணன் முன்னாடி நிப்பாரு, நாம பின்னாடி."

நான் ஓக்-ரானிடம் சொன்னேன். "ஒரு மலர்வளையத்தை அனுப்பு, காச அனுப்பு. தொண்டை சரியில்லன்னு எழுதிடு. உன் தொண்டைக்குத்தான் நாட்டுல எல்லாரும் மரியாதை தர்றாங்களே."

"அனுப்பலாம்."

"அனுப்பு. போனியோ, இத்தனை வருஷம் கட்டினதெல்லாம் ஒரே நாள்ல போச்சு."

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அந்தாளு கடைசியா குடிச்சது என் கஞ்சி, அக்கா. பூவ அனுப்பிட்டு வீட்ல குந்தியிருந்தா நான் மனுஷியே இல்ல" என்றாள். "பயமா இருக்கு. நீயும் வா."

கடையைப் பூட்டினேன். என் ஓட்டை வண்டியில் போகாங்குக்குப் போனோம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துக்கம் விசாரிக்கிற சாவுக்கூடம். வாசலில் வெள்ளைப் பூ வளையங்கள் வரிசையாக நின்றன. ஆலைக்காரர்களுடையது, பள்ளிக்கூட நண்பர்களுடையது, நடுவில் கிழக்கு மலைப் படை என்று பட்டையில் எழுதிய ஒன்று. உள்ளே சாப்பாட்டு அறையில் ஒரு நீள மேசையைச் சுற்றி எங்கள் ஆட்கள் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணே, தம்பி என்ற பேச்சைக் கேட்டே தெரிந்துகொண்டோம். ஓக்-ரான் அவர்களை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பாள். சமையல் வாசலிலிருந்து கறுப்பு உடையில் ஒரு பெண், ஹ்யோன்-பேயின் அக்கா, அப்பனைப் பறிகொடுத்த மூத்த பிள்ளை, இரண்டு கையிலும் தட்டோடு வெளியே வந்தாள். தம்பி அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். அக்கா சூப்பு சுமக்கிறாள். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, இத மட்டும் கொஞ்சம் அந்த மேசைக்குக் குடுத்துடுறீங்களா? ஆள் பத்தல."

இதுதான் நாங்கள் செய்கிற தப்பு. மாட்டேன் என்று சொல்ல எங்கள் கைக்குத் தெரியாது. ஓக்-ரான் தட்டை வாங்கினாள். அடுத்த நிமிஷம் யாரோ நீட்டிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வெந்த பன்றிக்கறியைப் பிசைந்துகொண்டிருந்தேன், கிழக்கு மலைப் படையின் தலைவர் தன் படைக்குக் காரச் சூப்பு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"சித்தி, இன்னும் கொஞ்சம் முள்ளங்கி" என்றான் ஜே-துக், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். முள்ளங்கி வந்தது.

"அண்ணன் பாக்க எப்படி இருப்பாரு?" என்றான் ஒருத்தன்.

"போலீஸ்ல இருந்திருப்பாரு. இல்லேன்னா மிலிட்டரி" என்றார் பாங். டாக்சி ஓட்டுகிறவர், ஐம்பத்தொன்று, வெள்ளைக் கரடிக்கு அடுத்து படையில் மூத்தவர் அவர்தான். "எனக்கு அண்ணன் தம்பி கெடையாது. இந்த வயசுல வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிட ஒருத்தர் கெடச்சாரு."

"அவர் ஒருத்தர் இருக்கறதாலதான் நம்ம படை சுத்தமா இருக்கு" என்றான் ஜே-துக். "பொம்பளைய உள்ள விட்ட படையெல்லாம் இப்ப எங்க? அண்ணன் அன்னிக்கே சட்டம் போட்டாரு பாரு, அதான் தலைவரு!"

ஓக்-ரான் அவன் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். என் வாயிலிருந்த கறி இறங்கவில்லை. எழுந்துபோய் அவன் கோட்டுக் காலரைப் பிடிக்கலாமா என்று பார்த்தேன்.

அவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தாள்.

"எந்திரிங்க. கும்பிடப் போலாம்."

"நாங்க எங்கண்ணனுக்காகக் காத்திருக்கோம் சித்தி."

"நான்தான் வெள்ளைக் கரடி."

ஜே-துக் சிரித்தான். "காலையிலயே சோஜு போட்டுட்டீங்களா?"

அவள் வாதாடவில்லை. திரும்பிப் படம் வைத்திருந்த அறைக்குப் போனாள். வேடிக்கை பார்க்கிற ஆசையில் அவர்களும் எழுந்து பின்னாலேயே வந்தார்கள். ஹ்யோன்-பே கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு நின்றான், தூங்காத முகம். ஓக்-ரான் வெள்ளைச் சாமந்தியைப் படத்தின் முன் வைத்தாள். தலை தரையில் படக் கும்பிட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி வணங்கினாள், அவனும் குனிந்து வணங்கினான். வந்தவர் யாராக இருந்தாலும் துக்கக்காரன் குனிய வேண்டும்.

"நீங்க... அப்பாவுக்கு என்ன வேணும்?" என்றான்.

"எள்ளெண்ணெய் இல்லாமக் காச்சினியே தம்பி, அது எறங்குச்சா?"

அவன் அவளையே பார்த்தான். உதடு மட்டும் கோணியது.

"எறங்குச்சு" என்றான். "ரெண்டு கரண்டி. கழுத்துக்குக் கை குடுத்துதான் குடுத்தேன்." பிறகு உடைந்துபோய், "அண்ணே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் சித்தப்பா ஒருவர் கடுமையாக இருமினார். துக்கக்காரன் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து அண்ணே என்று அழுவதை அவர் வம்சத்தில் யாரும் கண்டதில்லை.

வாசலில் நின்ற படைக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் எதிரே செத்தவரின் படம். அங்கே நின்று சண்டை போட எங்கள் ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது. முறை என்று ஒன்று முதுகை வளைத்துவிடும். ஒவ்வொருவராக உள்ளே வந்து ஓக்-ரானுக்குப் பின்னால் வரிசையாக நின்று விழுந்து கும்பிட்டார்கள். அவள்தான் முன்னால் நின்றாள்.

வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் முறையெல்லாம் போய்விட்டது.

"உண்மையான வயசு என்ன?" என்றார் பாங்.

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறா!" அவர் தன் டாக்சிமேல் கை ஊன்றிக்கொண்டார். "பொம்பளைன்னாக்கூட எப்படியோ சகிச்சுக்குவேன். என்னைவிட அஞ்சு வயசு சின்னவளா? புதுவருஷத்துக்குக் கால்ல விழுந்தேனேய்யா நான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் சிரித்தேன். அந்த மனிதர் என்னை முறைத்தார்.

ஜே-துக் சிரிக்கவில்லை. "சட்டம் நீங்க போட்டது. உங்க கையால எழுதினது."

"நான் போட்டதுதான்" என்றாள் ஓக்-ரான். "தப்பு. அந்தப் பொண்ணுக்குச் செஞ்சது பெரிய தப்பு."

"அப்ப சட்டப்படி வெளிய போங்க."

"துக்கம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று யாரோ அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஊர் திரும்பியதும் அவள் தலையை நனைக்கவில்லை. காய்ந்த தலையோடு வீட்டுக்குப் போனாள். குளிக்கப் போகவில்லையா என்று கேட்ட புருஷனிடம், "நான் குளிக்கவே போறதில்ல. கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போறேன், அங்க நான் படைத்தலைவரு" என்று சொல்லிவிட்டாளாம். அந்த மனிதர் கொஞ்சநேரம் அவளையே பார்த்துவிட்டு, சோறு இருக்கிறதா என்று கேட்டாராம். இதைச் சொல்லி நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

படை அவளை வெளியேற்றவில்லை. வெளியேற்றியிருந்தால் பரவாயில்லை என்பேன். அப்பன் செத்த வீட்டில் முன்னால் நின்றவளை விரட்டினால் அது முறையில்லை அல்லவா? அதனால் மரியாதை கொடுத்தார்கள். அண்ணே போய் அக்கா வந்தது. "அக்கா, ஒடம்பு நல்லா இருக்கா?" "அக்கா, முள்ளங்கி கிம்ச்சிக்கு உப்பு எவ்வளவு?" "அக்கா, எங்கம்மா மாதிரியே இருக்கீங்க." கோட்டைச் சண்டை வந்தது. அவள் தட்டுகிற ஒவ்வொன்றுக்கும் "சரிங்கக்கா" என்று பதில் வந்தது. ஆட்கள் மட்டும் ஜே-துக் மைக்கில் சொன்ன பக்கம் போனார்கள். "நீங்க பின்னாடி நில்லுங்கக்கா, அடிபட்டவனுக்கு மருந்து குடுங்க போதும், நாங்க பாத்துக்கறோம்." அவள் பின்னால் நின்று மருந்து கொடுத்தாள். கோட்டையும் கிடைத்தது. "அக்கா கை மருந்துலதான் ஜெயிச்சோம்!" என்று எல்லாரும் எழுதினார்கள்.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முன்பு ஒருத்தன் அடுப்படிக்குப் போ என்று திட்டி அனுப்பப் பார்த்தான். இவர்கள் நன்றி சொல்லியே அனுப்பிவிட்டார்கள்.

"இங்கயும் வாசல்ல நிறுத்திட்டாங்கக்கா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சோளப்பொரியைத் தேடினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை என்று திரை சொன்னது. வேறு பெயரில் இருக்கிறாளா, விளையாட்டையே விட்டுவிட்டாளா, தெரியவில்லை. சில தப்புகளுக்குப் போய்க் கதவைத் தட்ட வீடே இருக்காது. ஓக்-ரான் வாசல் பலகையைத் திறந்து அந்தச் சட்டத்தை மட்டும் அழித்தாள்.

அடுத்த ஞாயிறு. கடை நிறையக் கூட்டம். ஓக்-ரான் வந்ததும், "நல்ல மைக் உள்ள ஹெட்போன் ஒண்ணு குடுக்கா" என்றாள். என்னிடமிருந்ததில் நல்லதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். சண்டை தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. படை கோட்டைக்கு முன் வரிசையாக நின்றது. வெள்ளைக் கரடி பின்வரிசையிலிருந்து நடந்துபோய் எல்லாருக்கும் முன்னால் நின்றது. அவள் மைக்கைத் திறந்தாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். திதி அன்றைக்கு அத்தனை அடுப்புக்கும் கேட்கும்படி பேசுகிற குரல். கடையில் இருந்த பயல்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பேரு மா ஓக்-ரான். இந்தப் படைக்குத் தலைவி நான். நான் யாருக்கும் மருந்துக்கார அக்கா இல்ல, அம்மாவும் இல்ல. இந்தக் கொரல்ல உத்தரவு வாங்க முடியாதவங்க கதவு தொறக்கறதுக்குள்ள போயிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். இருக்கறவங்க நான் சொல்ற பக்கம் போகணும். தலைவரேன்னு கூப்பிடுங்க, போதும்."

முதலில் ஜே-துக்கின் குரல் வந்தது: "நாங்க குடுத்த மரியாதைய நீங்களே கெடுத்துக்கறீங்கக்கா." பிறகு அவன் போனான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொரு பெயராகத் திரையிலிருந்து மறைந்தது. நல்ல பயல்கள் என்று நான் நினைத்திருந்தவர்களும் போனார்கள். சிலர் "மன்னிச்சுக்கங்கக்கா" என்று எழுதிவிட்டுப் போனார்கள், அதிலும் மரியாதை. வரிசை பல் விழுந்த வாயாக ஆனது.

ஹ்யோன்-பேயின் கேடயம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஓரத்தில் இன்னும் சிலர் நின்றார்கள்.

அப்புறம் ஒரு கட்டைக் குரல் செருமிக்கொண்டு வந்தது. பாங். "வயசு விஷயத்துல உன்மேல இன்னும் கோவந்தான் எனக்கு" என்றார். "சரி, நேரமாகுது. மேக்கு வாசலா, கெழக்கு வாசலா? சொல்லுங்க தலைவரே."

ஓக்-ரான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மேக்கு" என்றாள்.

அத்தனை ஆள் குறைந்த படையால் என்ன செய்ய முடியும்? மேற்கு வாசலை உடைத்தார்கள், முற்றம்வரை போனார்கள். அவள் குரல் நிற்கவேயில்லை. நீ போ, இவன் வரட்டும், பொறு, இப்ப, இப்ப! என் கடைப் பயல்கள் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கேடயம் சாய்ந்தது, டாக்சிக்காரர் சாய்ந்தார், கடைசியில் முற்றத்தின் நடுவே வெள்ளைக் கரடியும் விழுந்தது. மூன்று வருஷமாகக் கையைவிட்டுப் போகாத கோட்டையில் வேறு யாருடைய கொடியோ ஏறியது.

நான் நூடுல்ஸ் கொதிக்க வைத்து, முட்டை இரண்டாக உடைத்துப் போட்டு, கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். ஹெட்போனைக் கழற்றியிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது, அவள் தேய்க்காமலே. அவள் தோளில் கை வைத்தேன்.

"விடுடி, போனா போகுது."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இத்தனை வருஷம் ஜெயிச்சதெல்லாம் அந்தக் கரடிதான், அக்கா. இன்னிக்குத் தோத்தது நான்."